மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த புரோகிராமும் எனக்குக் கிடைத்த லீவும்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. நான் நலம், ஆபீஸ் நலமில்லை. மகள், உங்கள் அத்தை, இன்னும் பிறக்காத பேரக்குழந்தை, மூவரின் நலமும் அறிய ஆவல்.

மாப்பிள்ளையைக் குறை சொல்லும் பழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. இருந்தாலும் நடந்ததை எழுதுகிறேன். பிரசவத்துக்கு வரப் பத்து நாள் லீவு கேட்டிருந்தேன் அல்லவா, அது கிடைத்ததா என்று நான் நாள் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமென்று, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே சர்வரைக் கேட்டுச் சொல்லும் சின்னப் புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தீர்கள். நல்ல மனசு. எனக்குத்தான் பொறுக்கவில்லை, ஐந்தை அழித்து ஒன்று போட்டேன், நிமிடத்தை அழித்து விநாடி என்று போட்டேன், அவ்வளவுதான் நான் செய்தது. பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அம்மா எட்டிப் பார்த்து, "சார், எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன், என் டிரான்ஸ்ஃபர் என்னாச்சுன்னு தெரியணும்" என்றார். அவருக்குக் கொடுத்துவிட்டு ரிக்கார்டு கிளார்க்குக்கு இல்லை என்று சொல்ல முடியுமா. மூன்றாம் நாள் ஆபீஸில் உள்ள முப்பத்தொரு பேரும் விநாடிக்கு விநாடி கேட்க, சர்வர் படுத்துவிட்டது. அது எங்களுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, எங்கள் குடிநீர் ஆபீஸ், கீழ்த்தளத்து நூலகம், எதிர்க் கட்டடத்துக் கால்நடை ஆஸ்பத்திரி மூன்றுக்கும் அது ஒன்றுதான். புத்தகம் திருப்பித் தர வந்த ஒரு பெரியவரிடம், இரண்டாவது தடுப்பூசி பாக்கி, வாயைக் கட்டி அழைத்து வரவும் என்று குழம்பிப்போன நூலகத் திரை சொல்லியிருக்கிறது. பாவம், அவரும் எதிர்க் கட்டடத்துக்குப் போய் இரண்டு நாய்களுக்கு நடுவில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

பெரிய அதிகாரி கோபத்தில் விசாரணைக் குழு போட்டார். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டதால் தலைவர் நான். என்னை நானே எப்படிப் பிடிப்பது? உங்கள் புரோகிராமையே கொஞ்சம் திருத்தி, "நீயா கேட்கிறாய்" என்று ஆபீஸின் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் விநாடிக்கு இரண்டு தடவை விசாரிக்க விட்டேன். அத்தோடு சர்வர் மூச்சை நிறுத்தியது.

மனசு கேட்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று அதிகாரி அறைக்குப் போனேன். "எல்லாத்துக்கும் நான்தான் சார் காரணம். பேரப்பிள்ளை பொறக்கறப்ப பக்கத்துல இருக்கணும்னு அவசரப்பட்டுட்டேன்" என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு தன் திரையை என் பக்கம் திருப்பினார். அதிலும் அதே புரோகிராம், அவருடைய புரமோஷன் வந்ததா வந்ததா என்று கேட்டபடி.

"டைப்பிஸ்ட் அம்மா போட்டுக் குடுத்தாங்க. இதை எப்படிங்க நிறுத்தறது?"

நிறுத்தினேன். மேஜை மேஜையாகப் போய் முப்பத்தொன்றையும் நிறுத்தினேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பேனாவால் பத்து நாள் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "போயிட்டு வாங்க. போற வழியில எந்தக் கம்ப்யூட்டரையும் தொடாதீங்க."

வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். சரியாகப் பத்து நாள்தான். அதற்கு மேல் ஒரு வேளைகூட உங்களுக்குத் தொந்தரவாக இருக்க மாட்டேன். மகள் நல்லபடியாகப் பெற்றெடுக்கவும், குழந்தை உங்கள் பொறுமையோடு பிறக்கவும் மனமார வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் சர்வர் எழுந்துவிட்டது. எழுந்ததும், நான் கேட்ட கேள்விகளில் நாற்பதைப் புது விண்ணப்பம் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் கொடுத்திருக்கிறது. ஆக நானூறு நாள். அதிகாரியிடம் ஓடினேன். "ரத்து பண்ணப் போனா மறுபடி படுத்துடும். பேசாம போயிடுங்க" என்கிறார். நான் ரிட்டயர் ஆக முன்னூற்றுத் தொண்ணூறு நாள்தான் இருக்கிறது. மாடி அறையைக் காலி செய்து வைக்கவும்.