வெல்லத்தில் வைத்த மாத்திரை

மருந்து விற்கிறவனுக்கு மருந்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் நம்பலாம். அவனே நம்பத் தொடங்கினால்தான் வம்பு. இருபத்தைந்து வயதில், திருச்சியில் மெடிக்கல் ரெப் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் அப்படி நம்பிக்கொண்டிருந்தேன். கழுத்தில் டை, கையில் பை, பேச்சில் பாதி இங்கிலீஷ். (மீதிப் பாதி என்னவென்று எனக்கே தெரியாது.)

என் அக்கா கணவர் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருந்தார். பெயர் வீரா. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமப்பது அதன் வேலை. ஐப்பசி மழை பிடித்ததும் கரையில் பொடிக்கொசு கிளம்பும். அது கடித்தால் வீராவுக்கு அலர்ஜி. தென்னைமரத்தில் உரசி உரசிப் பிடரி மயிர் கொட்டி, கழுத்தெல்லாம் புண்ணாகிவிடும். அந்த வருஷம் கொசுவலை, ஃபேன் எதற்கும் அடங்காததால், கால்நடை டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மழைக்காலம் முடியும்வரை கொடுக்க வேண்டும்.

மாமாவுக்குப் பச்சைமலை அடிவாரத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. மரவள்ளி பிடுங்கப் போக வேண்டியிருந்ததால், பத்து நாளைக்கு வீராவை என்னிடம் ஒப்படைத்தார்.

"காலைல மட்டும்தான் மாத்திரை. வாராவாரம் டாக்டர் சொல்ற அளவுக்குக் குறைக்கணும். இனிப்பு கூடவே கூடாது. தினம் குளம்பத் தொட்டுப் பாரு, சூடா இருந்தா உடனே டாக்டருக்குப் போன் பண்ணு. ஞாபகம் இருக்குமாப்பா?"

"மாமா, நான் டாக்டருங்களுக்கே ஸ்டீராய்டு பத்திப் பாடம் எடுக்குறவன்" என்றேன். (நான் விற்றது சொறிக்குத் தடவுகிற ஒரு களிம்பு.)

முதல் நாள் மாத்திரைகளைத் தவிட்டில் கலந்து வைத்தேன். வீரா தவிட்டைத் தின்றுவிட்டு, மாத்திரைகளைப் பொறுக்கி என் ஷூவின் மேல் துப்பியது. மறுநாள் பொடித்துக் கலந்தேன். மோந்து பார்த்துவிட்டுத் தவிட்டையே தொடவில்லை. மூன்றாம் நாள் வெல்லத்துக்குள் வைத்து உருட்டிக் கொடுத்தேன். ஒரே வாயில் போய்விட்டது. போனதோடு, இன்னொன்று கேட்டுத் தரையைக் காலால் தட்டியது. கொடுத்தேன். மருந்தோடு போகிற வெல்லம் மருந்துக் கணக்கில்தானே சேரும்? சாயங்காலமும், பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று, மாத்திரை இல்லாத வெல்லம் இரண்டு உருண்டை.

குளம்பு? டை கட்டிக்கொண்டு குதிரையின் காலடியில் குனிவது என் பதவிக்கு ஒத்துவரவில்லை. எட்ட நின்று பார்த்தேன். சூடாகத் தெரியவில்லை. 'குளம்பு ஓகே' என்று மாமாவுக்குத் தினமும் வாட்ஸ்அப் அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் சித்திரை வீதியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. வீரா முள் மேல் நடப்பது போல் நடந்தது. சோம்பல் என்று நினைத்தேன். ஒரு திருப்பத்தில் முன்னங்கால்களை நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நின்றேவிட்டது. மேளக்காரர்கள் இதைக் கவனிக்காமல் வாசித்துக்கொண்டே போய்விட்டார்கள். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் போய்விட்டது. வீதியில் நான், குதிரை, அதன் மேல் மாப்பிள்ளை.

"அண்ணே, இது நகருமா?" என்றார் அவர், மேலிருந்து.

"ரெண்டு நிமிஷங்க. ரெஸ்ட் எடுக்குது."

சட்டைப்பையிலிருந்த வெல்லத்தை எடுத்து நீட்டினேன். வீரா முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை எங்கன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

மாப்பிள்ளை இறங்கி, தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேளச்சத்தம் கேட்ட திசையில் ஓடினார். அதன் பிறகுதான் நான் குனிந்து குளம்பைத் தொட்டேன். இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதித்தது. வீராவின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. வாயில்லா ஜீவன் எத்தனை நாளாக இந்த வலியோடு நின்றதோ. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் வந்து பார்த்தார். "என்ன குடுத்தீங்க?"

"மாத்திரை மட்டும்தான் சார்."

அவர் என் சட்டைப்பையைப் பார்த்தார். அதில் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது.

"இந்த மாத்திரையே சில குதிரைக்குக் குளம்புல வேலையக் காட்டும். அதோட வெல்லமும் சேந்தா? உள்ள வீக்கம் முத்திட்டா அப்புறம் நிக்கவே முடியாது."

"அப்ப மாத்திரைய இன்னியோட நிறுத்திடறேன் சார்."

"திடீர்னு நிறுத்தினா அது வேற ஆபத்து. எவ்வளவு குறைக்கணும்னு நான் சொல்றேன். நீங்க தயவுசெஞ்சு எதுவும் செய்யாதீங்க."

மாமா கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்தார். என்னைத் திட்டவில்லை. வீராவின் காலை ஐஸ் வாளிக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. நான் லீவு போட்டு ஐஸ் சுமந்தேன், நிற்க மெத்தென்று மணல் கொட்டினேன், தினமும் குனிந்து நான்கு குளம்பையும் தொட்டேன். இரண்டு மாதம் கழித்து வீரா நன்றாக நடந்தபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது. அந்த நாட்களில் டாக்டர் குறைத்துக் கொடுத்த மாத்திரையை மாமா தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாயில் ஊற்றினார். இவ்வளவு சுலபமான வழி என் மண்டைக்கு எட்டவே இல்லை.

இப்போதும் எந்தக் கல்யாணப் பந்தியிலும் என் இலைக்கு லட்டு வந்தால் போதும், எதிர் வரிசையிலிருந்து மாமா எழுந்து வருவார். அறுபத்தைந்து வயது மனிதர், குனிந்து என் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு இல்ல, போடுங்க" என்பார் பரிமாறுகிறவரிடம். போன மாதம் உறையூரில் ஒரு கல்யாணம். அவ்வளவு பெரியவரே காலைத் தொடுகிறாரே, யாரோ மகான் போலிருக்கிறது என்று பெண் வீட்டார் மணமக்களை அழைத்து வந்து என் காலில் விழ வைத்துவிட்டார்கள். வாயில் லட்டோடு ஆசீர்வாதம் செய்தேன்.