தொப்பி வாங்கிய எருமை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பிப்பார்கள். இந்தக் காட்டிலும் சிங்கம் இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே எல்லாம் கிரிக்கெட் கிளப்தான். கருவேலங்காடு கிரிக்கெட் கழகம் என்று பெயர். பக்கத்து மேட்டுக்காட்டில் மான்கள் இன்னொரு கிளப் வைத்திருந்தன. மொத்தமே இரண்டு கிளப் என்பதால் இரண்டும் ஆண்டுதோறும் தவறாமல் இறுதிப்போட்டிக்குத் தகுதி பெற்றுவிடும். ஆண்டுதோறும் தவறாமல் மான்கள் ஜெயிக்கும்.

மைதானம் கருவேலங்காட்டில் மட்டும்தான். அதன் ஓரத்தில் சடையாண்டி என்றொரு எருமை நிற்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறது. பந்து அதன்மேல் பட்டால் நாலு ரன் என்று இரண்டு கிளப்பும் பேசி வைத்திருந்தன. அதன் விலாவில் அடித்து அடித்தே அரைசதம் போட்டுப் பெரியாள் ஆனவை உண்டு. ஆனால் யாரும் ஒருநாளும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சடையாண்டிக்கு விளையாட ஆசை இல்லை. அதன் ஆசையெல்லாம் அந்தத் தொப்பி மேல்தான். கருவேல முள் சின்னம் தைத்த வெள்ளைத் தொப்பி. அதைப் போட்டவர்கள் கிளப்காரர்கள். போடாதவர்கள் எல்லைக்கோடு.

கிளப்பின் செயலாளர் நல்லமுத்து என்ற நரி. மைதானத்தைப் பார்த்துக்கொள்ளச் சம்பளமில்லாமல் ஒரு ஆள் தேவை என்று அது ஒருநாள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டது. காடே உணர்ச்சிவசப்பட்டது. கட்டைவிரலே இல்லாத மிருகங்களெல்லாம் கட்டைவிரல் படம் அனுப்பின. யானை, "மண்ணுக்காக எதையும் செய்வேன்" என்று எழுதிவிட்டு முதுகுவலி என்று படுத்துக்கொண்டது. சடையாண்டியிடம் செல்போன் இல்லை. யாரோ பேசியதைக் காதில் வாங்கிக்கொண்டு நேரிலேயே போய் நின்றுவிட்டது.

"சம்பளம் கிடையாதுண்ணே," என்றது நரி.

"அது வேணாம். தொப்பி தருவீங்களா?"

"கிளப்புக்கு உழைச்சவங்களுக்குக் குடுக்கத்தானே வச்சிருக்கோம். சீசன் முடியட்டும், பார்ப்போம்."

பார்ப்போம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். எருமைக்கு யார் சொல்வது?

மறுநாளே வேலையில் இறங்கியது. ரோலரை இழுக்கத் துணைக்கு ஆள் வரவில்லை. தானே பிட்ச் மேல் படுத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை உருண்டது. சொந்தச் சரக்கைக் கரைத்து வாசல் மெழுகுவது மாதிரி மெழுகியது. வாலால் கூட்டியது. புல்லை ஒரே மட்டமாக மேய்ந்தது. பசியில்லாத நாளிலும் கடமைக்காக மேய்ந்தது. பிட்ச் பக்கம் யாராவது கால் வைத்தால் கொம்பைத் தாழ்த்தும். கேப்டன் சிறுத்தையே ஓரமாக நின்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் பயிற்சிக்கு வரும்.

நரிக்கு உள்ளூர சந்தோஷம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னது.

"தார்ப்பாய் அந்தா கிடக்கு பாருங்க. மழை வந்தா உடனே இழுத்துப் பிட்சை மூடிரணும். மத்ததெல்லாம் முன்னப்பின்ன இருக்கலாம். இதுல மட்டும் கோட்டை விட்டுராதீங்க."

"மழை வரட்டும், மூடிர்றேன்," என்றது சடையாண்டி.

மனதாரச் சொன்னதுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் பந்து பட்டே உறைக்காத தோல் அது, மழைத்துளி எம்மாத்திரம்? மழை வந்துபோனது என்பதே மறுநாள் குட்டை நிறைந்திருப்பதைப் பார்த்துத்தான் அதற்குத் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தது, பாவம்.

இறுதிப்போட்டி நாள் வந்தது. அன்றைக்கு உள்ளூர் கிளப் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு போட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். இலை எடுத்த பிறகுதான் ஆட்டம். ஏதாவது காரணத்தால் ஆட்டம் நடக்காமல் போனால், கோப்பை சாப்பாடு போட்டவர்களுக்கு. உட்கார்ந்து தின்றுவிட்டு, ஆடாமலேயே கோப்பையையும் தூக்கிக்கொண்டு போவது அழகில்லை என்று அந்தக் காலத்தில் யாரோ யோசித்து வைத்த விதி. அதுவரை அதற்கு வேலை வந்ததில்லை.

பாயசம் பரிமாறும்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, எதிரே நிற்பவர் தெரியாத மழை. மிருகங்கள் இலையைத் தூக்கிக்கொண்டு ஆலமரத்தடிக்கு ஓடின. நரி அங்கிருந்தபடி தொண்டை கிழியக் கத்தியது. இடியில் ஒன்றும் கேட்கவில்லை. சடையாண்டி தார்ப்பாய்க்குப் பக்கத்தில் கண் கொட்டாமல் நின்றது. மழை எந்த நிமிடமும் வரலாம் என்று அவ்வளவு கவனமாகக் காத்திருந்தது.

மழை விட்டதும் நரி சேற்றில் சறுக்கிக்கொண்டு ஓடி வந்தது.

"ஏய்யா, இவ்வளவு மழை பெஞ்சிருக்கு. நீ பாட்டுக்கு நிக்கிற?"

"எப்போ பெஞ்சுது?" என்று கேட்டது சடையாண்டி. அதன் கொம்பு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பிட்ச் இருந்த இடத்தில் ஒரு குட்டை இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எருமைக்கு விஷயம் புரிந்தது. தொப்பி போயிற்று என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

நடுவர் கொக்கு வந்தது. முட்டி வரை இறங்கிப் பார்த்தது. தலையைக் குனிந்து ஒரு கெண்டையைப் பிடித்து விழுங்கியது.

"பிட்ச்ல மீன் கிடைக்குது," என்றது. "ஆட முடியாது. கோப்பை சாப்பாடு போட்டவங்களுக்கு."

முதலில் சுதாரித்தது நரிதான். "எல்லாம் நாங்க முன்கூட்டியே போட்ட திட்டம்," என்று தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டது. கருவேலங்காடு முதன்முதலாகக் கோப்பையைக் கண்ணால் கண்டது. சடையாண்டியைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். முடியாமல் அதைச் சுற்றி ஆடினார்கள். அங்கேயே தொப்பியில் கொம்புக்கு இரண்டு ஓட்டை போட்டு அதன் தலையில் வைத்தார்கள். சடையாண்டி அழுதது. நானாக இருந்தாலும் அழுதிருப்பேன்.

அன்றிலிருந்து எருமையின் போக்கே மாறிவிட்டது. சேற்றில் புரள்வதை விட்டது, தொப்பி அழுக்காகும் என்று. தூங்கும்போதும் தலையை நேராக வைத்துக்கொண்டது. வானத்தில் ஒரு மேகத் துண்டு தெரிந்தாலும் போதும், அது நகர்ந்து மறையும் வரை வைத்த கண் வாங்காமல் பார்க்கும். தனக்காக அல்ல, தொப்பிக்காக.

அடுத்த ஆண்டு இறுதிப்போட்டியன்று நரி காதோரம் வந்து சொன்னது. "போன வருசம் மாதிரியே பண்ணிருங்கண்ணே. புதுசா ஒண்ணும் வேணாம்."

போன வருடம் பிட்சை மூடாமல் விட்டதை நினைத்தாலே சடையாண்டிக்கு உடம்பு கூசும். செயலாளர் குத்திக்காட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டது. "இந்தத் தடவை பாருங்க," என்றது.

பாயசம் வந்தது. மேகமும் வந்தது. முதல் துளி தொப்பியின் முனையில் டப்பென்று விழுந்தது. எருமை பாய்ந்தது. தொப்பியைக் கழற்றிப் பிட்ச் நடுவில் வைத்தது. தார்ப்பாயைக் கொம்பால் இழுத்து ஒரு சொட்டு இறங்காமல் மூடியது. காற்று தூக்காமலிருக்க ஓரத்தில் ஏறிப் படுத்துக்கொண்டது. ஆலமரத்தடியிலிருந்து கருவேலங்காடு முழுவதும், "வேணாம், வேணாம்" என்று கத்தியது. உற்சாகப்படுத்துகிறார்கள் என்று எருமை இன்னும் அழுத்திப் படுத்தது.

மழை விட்டதும் தார்ப்பாயை எடுத்தார்கள். பிட்ச் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. "இப்படி ஒரு பராமரிப்பை நான் பார்த்ததில்லை," என்று கொக்கு கைகொடுத்தது. ஆட்டம் நடந்தது. பாயசம் செரிப்பதற்குள் முடிந்தும் விட்டது. கேப்டன் சிறுத்தை முதல் ரன்னுக்கு ஓடியபோது வேகத்தில் நிற்கத் தெரியாமல் மேட்டுக்காட்டையும் தாண்டிப் போய்விட்டது. மான்கள் வயிற்றையும் நிரப்பிக்கொண்டு கோப்பையையும் தூக்கிக்கொண்டு கிளம்பின.

நரி சடையாண்டியிடம் வந்து கையை நீட்டியது.

"தொப்பியைக் குடுத்திருங்க."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒரு தப்பும் பண்ணலை. அதான் வருத்தமா இருக்கு."

எருமை தொப்பியை ஒருமுறை ஊதித் துடைத்துக் கொடுத்தது. பிறகு நடந்து போய்ப் பழைய இடத்தில், எல்லைக்கோட்டில் நின்றது. சாயங்காலம் மறுபடி தூறல் போட்டது. வெறும் தலையில் விழுந்த துளிகள் ஒவ்வொன்றும் அன்றைக்கு அதற்கு நன்றாகத் தெரிந்தன. குளிரில் நடுங்கியது.

நீதி: சம்பளமில்லாமல் உழைப்பவருக்கு மறந்தும் மரியாதை செய்துவிடாதீர்கள், வேலையைச் சரியாகச் செய்யத் தொடங்கிவிடுவார்.