அனுமதி பெறாமல் அழுதவன்

எங்கள் நகரியத்தில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. குழாய் ஒழுகினால் ஒன்று, ஜன்னல் கண்ணாடி உடைந்தால் ஒன்று, வாசலில் நிற்கும் பலாமரத்துக் கிளை கூரையில் சாய்ந்தால் மூன்று நகல்களுடன் ஒன்று. முப்பத்தொரு வருட சர்வீஸில் அத்தனையையும் நான் பூர்த்தி செய்து கொடுத்திருக்கிறேன். ஆகவே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு விநாடி அழுவதற்கு முன் நான் எந்தப் படிவமும் கொடுக்கவில்லை என்பதை யாரும் அலட்சியமாகக் கருதக் கூடாது. அழப் போகிறேன் என்பது எனக்கே தெரியாது.

முறைப்படி சொல்கிறேன். என் பெயர் தெய்வசிகாமணி. சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் பர்மனென்ட். பத்தொன்பதாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். மனைவி பட்டம்மாள், மகள் சண்முகப்பிரியா. தம்பி ஒருவன் இருக்கிறான். அவனை நான் எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை.

சென்ற வருடம் எங்கள் ஊருக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. கதை இதுதான். ஒரு பெரிய சிரிப்பு நடிகர். நாடே அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆனால் பேர் வாங்கப் போன அவசரத்தில் கூடப் பிறந்த தம்பியை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனவர். வயதான பிறகு மன்னிப்புக் கேட்கச் சொந்த ஊருக்கு வருகிறார். போகிற இடமெல்லாம் ஜனம் செல்ஃபி எடுக்க மொய்ப்பதால் மன்னிப்புக் கேட்க அவருக்கு நேரமே கிடைப்பதில்லை. முதல் பாதி சிரிப்பு, இரண்டாம் பாதி வருத்தம் என்று இயக்குநர் எங்களுக்கு விளக்கினார். அவருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். அதற்குள் எதற்கு அவ்வளவு வருத்தப்பட்டாரோ தெரியாது.

சுரங்க வாசல் பஸ் நிறுத்தத்தில் படப்பிடிப்பு. நைட் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்த எங்களைக் கூட்டமாகப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். சிரிப்பு நடிகர் தம்பியின் முன்னால் மண்டியிட்டார். "பசிக்குதுன்னு உன் தட்டுல ஒரு கை வெச்சேன்டா. நிமிர்ந்து பாத்தா தட்டு காலி" என்றார்.

அவ்வளவுதான். எங்கிருந்து வந்ததோ, நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். கேமரா நடிகரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது.

காரணம் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். எங்கள் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். அது தம்பி சின்னதுரைக்கு என்றார் அப்பா. அவன்தான் ஐ.டி.ஐ. படித்தவன். நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்த அன்று அவன் சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் அறுப்புக்குப் போயிருந்தான். கடிதம் என் கையில் கிடைத்தது. நான் போனேன். தம்பிக்கு வேலையில் விருப்பமில்லை என்று எழுதி, அவன் கையெழுத்தையும் நானே போட்டேன். அவன் போடுவதைவிட அழகாகவே போட்டேன். இன்று அவன் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். நான் மேற்பார்வை பார்க்கும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை அள்ளிப் போடுகிறான். எதிரே வந்தால் நான் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்விடுவேன். அவனிடமிருந்து தப்பிக்கவே நல்ல போனாக வாங்கி வைத்திருக்கிறேன்.

படம் வெளிவந்தது. பதினோரு விநாடி திரை முழுக்க என் முகம். சண்முகப்பிரியா அதை வெட்டி ரீல்ஸ் போட்டாள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். மறுவாரமே பஜாரில் ஒரு செல்போன் கடைத் திறப்பு விழாவுக்கு என்னை அழைத்தார்கள். பிளெக்ஸில் 'அழுகைச் சக்கரவர்த்தி' என்று போட்டிருந்தது. அடக்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே அதன் முன்னால் நின்று நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஓய்வில்லை. காடாம்புலியூரில் முந்திரிக் கடை திறந்தேன். திருவதிகையில் ஒரு காதணி விழாவில் அழுதேன். அங்கே காது குத்தப்பட்ட குழந்தையும் அழுதது, ஆனால் கைதட்டல் எனக்குத்தான். இப்போதெல்லாம் கல்யாண வீடியோவில் யாராவது அழுதால்தான் எடுப்பாக இருக்கிறதாம். பெண் வீட்டாருக்கு முகப்பூச்சு கலைந்துவிடும் என்பதால் என்னை நிறுத்தி அழ வைத்தார்கள். பீரோவில் துணி வைக்க இடமில்லாமல் சால்வை நிறைந்தது. நான் தெருவில் நடக்கும் நடையே மாறிவிட்டதாகப் பட்டம்மாள் சொன்னாள். கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒவ்வொரு மேடையிலும் நான் சின்னதுரையைத்தான் நினைத்துக்கொள்வேன். அறுப்பு முடிந்து, கையில் அரிவாளோடு பஸ்ஸை விட்டு இறங்கி, "எனக்கு எதனா கடுதாசி வந்துச்சாண்ணா?" என்று அவன் கேட்ட அந்த முகத்தை நினைப்பேன். கண்ணீர் கொட்டும். முதல் பத்து விழாவுக்கு அது போதுமானதாக இருந்தது. பதினொன்றாவது விழாவில் சின்னதுரை நினைவில் வந்தான், கண்ணீர் வரவில்லை. அன்றிலிருந்து பாக்கெட்டில் தலைவலித் தைலம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். முதலில் அவன் வேலையை எடுத்துக்கொண்டேன், பிறகு அவன் துக்கத்தையும் மேடை மேடையாகச் செலவழித்துத் தீர்த்தேன். என்னை மாதிரி ஒரு அண்ணன் யாருக்கும் வாய்க்கக் கூடாது.

இந்த நிலையில்தான் பணியாளர் நடத்தைக் கண்காணிப்புப் பிரிவிலிருந்து மெமோ வந்தது. 'படப்பிடிப்பு அனுமதி ஆணையின்படி, பணியாளர்கள் பின்னணியில் நிற்கவும் நடக்கவும் பார்க்கவும் மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளனர். தாங்கள் அழுதுள்ளீர்கள். ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

அதிகாரி ஜெயப்பிரகாஷ் என்னை அன்போடு வரவேற்றார். "நான் உங்க ரசிகன் சார்" என்று முதலில் செல்ஃபி எடுத்துக்கொண்டார். பிறகு கோப்பைத் திறந்தார்.

"அழுதது நடிப்பா, நிஜமா?"

"ரெண்டுக்கும் என்னா சார் வித்தியாசம்?"

"நிறைய இருக்கு. நடிப்புன்னா முன் அனுமதி இல்லாம செய்த வெளி வேலை. ஒரு கண்டிப்புக் கடிதம் குடுத்து ஃபைலை மூடிடலாம். நிஜம்னா குற்றமே இல்லை."

"அப்ப நெசம்னே எழுதிக்கிங்க சார்."

"காரணம் வேணுமே. காரணமில்லாம அழுதா மெடிக்கல் போர்டுக்கு அனுப்பணும்."

"கண்ணுல தூசி விழுந்துச்சின்னு..."

அவர் கையிலிருந்து பேனா விழுந்தது. "தூசியா? எங்க சார் தூசி? தூசியில்லாத பகுதின்னு போன மாசம்தான் கேடயம் வாங்கியிருக்கோம்!" அலமாரியிலிருந்து கேடயத்தை எடுத்து, அதன் மேல் படிந்திருந்ததை வாயால் ஊதிவிட்டு என்னிடம் காட்டினார். இருவரும் இருமினோம்.

"சரிங்க சார். மனவருத்தம்னு போட்டுக்கிங்க."

"அப்ப இணைப்பு ஆ." ஒரு படிவத்தை நீட்டினார். "ஏழாவது கலத்துல, யாருக்கு என்ன செய்ததால வருத்தம்னு சுருக்கமா எழுதுங்க. கீழே பாதிக்கப்பட்டவர் கையெழுத்து. 'இவர் என் பொருட்டு உண்மையாகவே வருந்தினார் என அறிவேன்'னு. நடிப்புன்னா இணைப்பு அ. அதுல உங்க கையெழுத்து மட்டும் போதும்."

ஏழாவது கலத்தைப் பார்த்தேன். இரண்டு அங்குலம் இருந்தது. என் வேலையும் குவார்ட்டர்ஸும் பென்ஷனும் அந்த இரண்டு அங்குலத்தில் போய்விடும்.

வீட்டில் சொன்னேன். "நடிப்புன்னே எழுதிக் குடுத்துடுங்க. வூட்ட காலி பண்ணச் சொன்னா எங்க போறது?" என்றாள் பட்டம்மாள். சண்முகப்பிரியாவுக்கு வேறு கவலை. "நிஜமா அழுதேன்னு மட்டும் எழுதிடாதப்பா. உன் பேரே போயிடும். நிஜமா அழறது எல்லாருக்கும்தான் வரும். நடிச்சு அழுதாத்தான் நடிகன்."

இரண்டு படிவங்களையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சின்னதுரை வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. நகரியத்து எல்லையைத் தாண்டி, அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. அவன் வாசலில் காலில் அப்பிய கரியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாண்ணா" என்றான்.

திட்டுவான் என்றுதான் தயாராகப் போயிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் மனைவி புவனா காபி கொண்டு வந்து கொடுத்துவிட்டு, கதவோரம் நின்றுகொண்டாள்.

"படம் பாத்தேண்ணா. மூணு வாட்டி."

"எதுக்குடா மூணு வாட்டி?"

"மொத வாட்டி சும்மாதான் போனேன். நீ அழுவறத பாத்து, இன்னாடா இவன் இப்பிடி அழுவறான்னு இருந்துச்சு. புவனா சொல்லிச்சு, 'உங்க அண்ணன் உன்ன நெனச்சிகினுதான் அழுவறாரு'ன்னு. ரெண்டாவது வாட்டி பாத்தேன், ஆமான்னு தோணுச்சு. மூணாவது வாட்டி பாத்தேன், இல்லன்னு தோணுச்சு."

நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீயே சொல்லுண்ணா. நெசமா, நடிப்பா? நெசம்னா நெசம்னு ஒரு வார்த்த சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

வேறு ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொன்னான். கையெழுத்துப் போட்டிருப்பான், கேஸ் போட்டிருக்க மாட்டான், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் சட்டைப் பையில் ஏழாவது கலம் இருந்தது. பதினான்கு மாதம் இருந்தது. பஜாரில் என் பிளெக்ஸ் இன்னும் கிழியாமல் இருந்தது.

"நடிப்புதான்டா" என்றேன்.

புவனா உள்ளே போய்விட்டாள். சின்னதுரை காலில் மிச்சமிருந்த கரியை விரலால் சுரண்டினான். "பரவால்லண்ணா. நல்லாத்தான் செஞ்ச" என்றான். நான் காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.

இணைப்பு அ-வில் கையெழுத்துப் போட்டேன். 'மேற்படியாரின் கண்ணீர் நடிப்பே எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று முத்திரையோடு ஒரு தாள் வந்தது. கண்டிப்புக் கடிதமும் வந்தது. அதற்கு அடுத்த வாரம், சான்றளிக்கப்பட்ட நடிகர் ஒருவர் தங்கள் நிறுவனத்திலேயே இருப்பதால் ஆண்டு விழாவில் அவரைப் பாராட்ட வேண்டும் என்று அதே அதிகாரி கையெழுத்திட்ட சுற்றறிக்கை வந்தது.

விழா அன்று மாலை அரங்கம் நிறைந்திருந்தது. ஜெயப்பிரகாஷ் என் தோளில் சால்வையைப் போட்டு, "இப்போது நம் கலைஞர் முறையான அனுமதியோடு அழுது காட்டுவார்" என்று அறிவித்தார். மைக் முன்னால் போய்ப் பாக்கெட்டில் கையை விட்டேன். தைலம் இல்லை. வேறு சட்டையில் இருந்தது.

தலையை நிமிர்த்தினேன். நாற்காலி போட, தண்ணீர் கொடுக்க என்று கான்ட்ராக்ட் ஆட்களை வரவழைத்திருந்தார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், தலையில் ஒரு நாற்காலியோடு சின்னதுரை நின்றிருந்தான். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எப்படிச் செய்யப் போகிறேன் என்று பார்க்கிற பார்வை அது.

உடைந்துவிட்டேன். "இது நடிப்பு இல்லீங்க" என்றேன். "அன்னிக்கு அழுததும் நடிப்பு இல்ல. அதோ, நாற்காலிய சொமந்துகினு நிக்கிறானே, அவன் என் தம்பி. இந்த வேலை அவனோடது. அவன் இல்லாத நாளா பாத்து அவன் கையெழுத்த நான் போட்டேன். முப்பத்தொரு வருஷமா அவன் சோத்தத்தான் தின்னுகினு இருக்கேன்!"

கீழே போய் உட்கார்ந்திருந்த ஜெயப்பிரகாஷ் எழுந்து நின்று கைதட்டினார். ஒட்டுமொத்த அரங்கமும் எழுந்தது. முன்வரிசை அம்மாள் ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சண்முகப்பிரியா லைவ் போட்டுக்கொண்டிருந்தாள். தலைமை தாங்கிய பெரிய அதிகாரி, "வசனம் யாரு எழுதினது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது மைக்கில் விழுந்தது.

"நெசங்க! சத்தியமா நெசங்க!" என்று கத்தினேன். கைதட்டல் இரண்டு மடங்காயிற்று.

மேடையை விட்டு இறங்கி ஜெயப்பிரகாஷின் கையைப் பிடித்தேன். "சார், நான் சொன்னது வாக்குமூலம். எழுதிக்கிங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிவோடு சொன்னார்: "சார், உங்க கண்ணீர் நடிப்புன்னு நாங்களே சான்று குடுத்திருக்கோம். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ரெக்கார்டுக்கு மாறா நான் எதை நம்பறது?"

அப்போது எனக்குள் சின்னதாக ஒரு நிம்மதி வந்தது என்பதையும் மறைக்காமல் இங்கே பதிவு செய்கிறேன். உண்மையையும் சொல்லியாயிற்று, வேலையும் போகவில்லை. அந்த நிம்மதிக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் கலைந்தது. செல்ஃபி எடுத்தவர்களும் போய்விட்டார்கள். சால்வையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சின்னதுரை பின்வரிசையிலிருந்து நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தான்.

"சின்னதுரை..."

"கேட்டுகினுதான் இருந்தேண்ணா."

"நெசம்டா."

அவன் நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தான். மூன்று தடவை படம் பார்த்தபோதும் இப்படித்தான் பார்த்திருப்பான். பிறகு சிரித்தான்.

"சினிமாவுல செஞ்சத விட இன்னிக்கு இன்னும் நல்லா இருந்துச்சுண்ணா" என்றான். "கொஞ்சம் எழுந்திரு. இந்த ஒரு நாற்காலிதான் பாக்கி."