வெள்ளையாக விட்ட இடம்

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் கோம்பையில் கர்ணன் வீட்டில் இருந்தவர்கள்: கர்ணன், அவர் மனைவி கஸ்தூரியம்மாள், மகள் ஹேமாவதி, ஹேமாவதியோடு தேனியில் டிசைன் படிக்கும் மதன்குமார், ஜான்சி. வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்குத் தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் பலர்.

கஸ்தூரியம்மாள் பிள்ளைகளுக்குப் பணியாரம் வைத்துக்கொண்டிருந்தாள். கர்ணனின் போன் அடித்தது. பெயரைப் பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"யாருங்க அது, கலெக்டரா?"

"தேவாரத்து மாப்ள."

கஸ்தூரியம்மாள் தட்டைக் கீழே வைத்தாள்.

பக்கத்து ஊரான தேவாரத்தில் இருக்கும் அந்த மாப்பிள்ளை விஜய்பாண்டி, கர்ணனின் தங்கை மாரீஸ்வரியின் கணவர். ஆறு வருஷமாக அவர் இந்த வீட்டோடு பேசவில்லை. காரணத்தைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு எங்கள் பக்கம் தெரியாது. மாரீஸ்வரியின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் முறைக்குக் கர்ணன் பேனர் கட்டினார். அதில் தாய்மாமன் ஆள் உயரத்துக்கு நின்றார். பிள்ளையைப் பெற்ற தகப்பன் மூலையில் தபால்தலை அளவில் இருந்தார். அச்சில் நடந்த பிசகு என்று கர்ணன் சொன்னார். அது உண்மையும்கூட. ஆனால் அவர் கொண்டுபோன சீரை விஜய்பாண்டி கையால் தொடவில்லை.

கர்ணன் போனை எடுத்தார். பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"மச்சான்! எம் படத்தத் தூக்கிட்டீகளாமே?"

"எந்தப் படத்த, மாப்ள?"

"பஸ் ஸ்டாண்டு பேனர்லதேன்! ஒரு பக்கம் நீங்க இருக்கீக. எதிர்ப்பக்கம் வெள்ளையாக் கெடக்காம். யாரத் தூக்குன எடம்னு கோம்பையே கூடி நின்னு சிரிக்குதாம். கேள்விப்பட்டதுலருந்து ஒங்க தங்கச்சி சோறு திங்காமக் கெடக்கா!"

"அய்யோ, அது இந்தப் பிள்ளைக..."

"அன்னைக்கித் தபால்தலையா ஆக்குனீக. இன்னைக்கி அதையும் கிழிச்சுட்டீக. நல்லாருங்க!"

போன் அறுந்தது.

"வெள்ளையா விட்டது டிசைன், அங்கிள்" என்றாள் ஜான்சி. அவள் போடியில் ஜவுளிக்கடை வீட்டுப் பெண். நிறத்தைப் பற்றி அவளிடம் யாரும் வாதாட முடியாது. "கண்ணு அங்கன இங்கன ஓடாம நேரா பழத்துல போய் நிக்கணும்ல?"

"இப்பக் கண்ணு நேரா எங்க மாப்ள மேல போய் நின்னுருச்சேம்மா" என்றார் கர்ணன்.

மலையடிவாரத்தில் ஒரு பிள்ளைகள் இல்லம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருவிழாவுக்கு வரும் விவசாயிகள் ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் அந்த இல்லத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்பதுதான் பேனர். டிசைன் படிக்கும் பிள்ளைகள் மூவருக்கும் அதுவே கடைசி வருஷப் படிப்பு வேலை. ஒரு கை, கையில் ஒரு சீப்பு, பக்கத்தில் 'ஒரு சீப்பு போதும்' என்று மூன்றே சொல். கீழே இடது மூலையில் கர்ணன் படம். அச்சுச் செலவு அவருடையது. முகம் இல்லாமல் பேனர் கட்டும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. மீதி முழுவதும் வெள்ளை.

எங்கள் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு பேனரை யாரும் கண்டதில்லை. இங்கே பேனர் என்றால் சித்தப்பா, பெரியப்பா, சம்பந்தி, சம்பந்தியின் கடைக்குட்டி வரை முகம் இருக்கும். ஓர் இடம் காலியாக இருந்தால் அங்கே இருந்தவர் நீக்கப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஹேமாவதியின் முகம் வாடிவிட்டது. அவளும் மாரீஸ்வரி அத்தையும் இந்த ஆறு வருஷமும் ஒளித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கர்ணனுக்கு அது தெரியாது, அல்லது தெரியாதவர்போல இருந்தார். இந்த டிசைனையும் ஹேமாவதி முதலில் அத்தைக்குத்தான் அனுப்பியிருந்தாள். 'நெறையா எடம் இருக்கே கண்ணு' என்று அத்தை பதில் போட்டிருந்தாள். இந்தத் திருவிழாவுக்கு மாமாவை எப்படியாவது கூட்டிவருவதாகவும் சொல்லியிருந்தாள். அது கெட்டதே என்பதுதான் ஹேமாவதிக்குத் துக்கம்.

"மொதல்ல அந்த வெள்ளைய அவுக்கணும்" என்று கர்ணன் பேனர் கடை வேல்பாண்டிக்குப் போன் போட்டார். செவ்வாய்க்கிழமையே பேனரைக் கட்டச் சொல்லியிருந்தார்; 'கட்டியாச்சுண்ணே' என்று அவனும் சொல்லியிருந்தான்.

"ஏலே வேல்பாண்டி, அந்தப் பேனர அவுத்துரு."

"சரிண்ணே."

"இப்பவே!"

"இந்தா, அவுத்துட்டேண்ணே."

"அதுக்குள்ளயா?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"வேலைக்காரன்னா அவன் வேலைக்காரன்" என்றார் கர்ணன். பணியாரம் தின்றுவிட்டுப் பேனரைப் பார்க்கப் போவதாக இருந்த பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கர்ணன் வீடு ஊருக்கு வெளியே தோட்டத்தில் இருக்கிறது. வரும் வழியில் பஸ் ஸ்டாண்டு கிடையாது.

"வெள்ளைல மாப்ள படத்தப் போடுங்க. என் படமும் அவுக படமும் ஒரே அளவு. ஒரு நூல் கூடக் கொறையப்படாது."

"அங்கிள், போட்டா டிசைனே செத்துரும்" என்றாள் ஜான்சி.

"டிசைன் செத்தாப் பொறக்கும்மா. மாப்ள கோவம் சாகாது."

மதன்குமார் லேப்டாப்பைத் திறந்தான். விஜய்பாண்டியின் படத்துக்கு எங்கே போவது? கருப்புக் கண்ணாடி இல்லாமல் அவர் இருந்த ஒரே படம், சொந்தக்காரர் கல்யாணத்தில் தாம்பூலப் பை வாங்கும்போது எடுத்தது. மதன்குமார் பையை அழித்தான். முகம் பளிச்சென்று வந்தது. அதை வலது பக்கம் வைத்து, ஒப்புதலுக்காகத் தேவாரத்துக்கு அனுப்பினார்கள்.

போன் உடனே வந்தது.

"மச்சான், நான் ஒங்ககிட்ட கையேந்தி நிக்கிறேனா?"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பை போய்விட்டது, ஏந்திய இரண்டு கையும் அப்படியே இருந்தன. நடுவிலிருந்த கை அந்தக் கைகளுக்கு நேராக ஒரு சீப்புப் பழத்தை நீட்டிக்கொண்டிருந்தது. இடது மூலையில் கர்ணன் வள்ளலைப்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முகத்த மட்டும்தான் பாத்தேன், அங்கிள்" என்றான் மதன்குமார்.

"கைய யாருடா பாப்பாக? தேவாரத்துக்காரக பாப்பாகளா?" என்றாள் ஹேமாவதி.

மறுநாள் நடுவிலிருந்த கையைத் திருப்பினார்கள். இப்போது பழம் விஜய்பாண்டி பக்கமிருந்து கர்ணன் பக்கம் வந்தது. கர்ணன் படத்தில் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"ஒங்க மூஞ்சில பசி தெரியுதுங்க" என்றாள் கஸ்தூரியம்மாள்.

கர்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க வம்சத்துல கொடுக்கத்தான் கை நீண்டிருக்கு. இது தேவாரத்துக்குப் போகவே கூடாது."

போகவில்லை. அடுத்து இருவர் கையிலும் ஆளுக்கொரு சீப்பு. இரண்டு பேரும் எதிரும் புதிருமாகப் பழத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பெண் கேட்டுப் போன இடத்தில் மரியாதைக்குச் சண்டை போடுகிறவர்கள் போல இருந்தது.

"ரெண்டு பேரும் குடுத்தா வாங்குறது யாரு?" என்றான் மதன்குமார். "கீழ இல்லத்துப் பையன் ஒருத்தன் படம் போட்டுருவோம். பாவமா ஒரு மூஞ்சி."

"போடக்கூடாது" என்றாள் ஹேமாவதி. குரல் உயர்ந்துவிட்டது. "பழம் வாங்குற பிள்ளைக மூஞ்சியப் பேனர்ல ஒட்டப்படாதுன்னு மொத நாளே பேசியிருக்கோம். நாளைக்கு அந்தப் பையன் இதே பஸ் ஸ்டாண்டுலதான பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறணும்?"

மதன்குமார் தலை குனிந்தான்.

கர்ணன் மகள் பக்கம் திரும்பினார். "அது சரிதான். அவுகளுக்கும் ஒரு மானம் இருக்குல்ல" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வாரம் வந்த முதல் நல்ல வார்த்தை அது.

இரண்டு சீப்புப் படம் தேவாரத்துக்குப் போனது. பதில் வந்தது.

"மச்சான் சீப்பு பெருசா இருக்கு. ஏஞ் சீப்பு?"

"ரெண்டும் ஒரே படம்தான் மாமா. காப்பி எடுத்து ஒட்டுனது" என்று ஹேமாவதி போனில் சொன்னாள்.

"ஒட்டும்போது சுருங்கியிருக்கும். தபால்தலை சுருங்குனாப்புல."

ஜான்சி பையை எடுத்து மாட்டினாள். "இது தானம் கேக்குற பேனர் இல்ல, ஹேமா. மச்சான் மாப்பிள்ளை பஞ்சாயத்து. நான் போடிக்குப் போறேன்."

"போறதுதான் போற, ரெண்டு பணியாரம் தின்னுட்டுப் போ ஆத்தா" என்றாள் கஸ்தூரியம்மாள். தின்ன உட்கார்ந்த ஜான்சி, சும்மா இருக்க முடியாமல் விஜய்பாண்டியின் சீப்பைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தாள். இப்போது கர்ணன், "ஏஞ் சீப்பு ஏன் சூம்பிப்போச்சு?" என்று கேட்டார்.

போன் மட்டும் நிற்கவில்லை. காலையில் ஒரு சண்டை, மதியம் ஒரு சண்டை. சனிக்கிழமை ஒரு பெரிய சண்டையின் முடிவில் விஜய்பாண்டி தன்னை மறந்து, "அங்கன மழ உண்டா மச்சான்?" என்று கேட்டுவிட்டார். கர்ணனும் தன்னை மறந்து, "தூத்தல்தான் மாப்ள" என்றார். அப்புறம் இருவருக்கும் கோபம் நினைவுக்கு வந்து போனை வைத்துவிட்டார்கள்.

பொழுது சாய்ந்தது. விடிந்தால் திருவிழா. கட்டுவதற்குப் பேனர் இல்லை. ஹேமாவதி லேப்டாப்பை மூடினாள்.

"அப்பா, மொதல்ல அடிச்ச வெள்ளப் பேனரையே கட்டச் சொல்லப் போறேன்."

"மாப்ள வரமாட்டாகளே, தாயி."

"வந்தா வரட்டும்ப்பா. வராட்டிப் போகட்டும்." அவள் கண் கலங்கிவிட்டது. "அத்தைய நான் எப்படியாவது பஸ் ஏறிப் போய்ப் பாத்துக்குறேன். அந்தப் பிள்ளைகளுக்கு நாளைக்கிப் பழம் வரணும்ல? அதுக்குத்தான இம்புட்டும்?"

கர்ணன் போனை எடுத்து, "ஏலே வேல்பாண்டி, அந்த வெள்ளையவே கட்டிரு" என்றார்.

"கட்டியாச்சுண்ணே" என்றான் வேல்பாண்டி.

"விடியுமுன்ன கட்டுடா!"

"அதத்தாண்ணே சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் பேனர் நின்றது. நூறு முகம் கொண்ட பேனர்களுக்கு நடுவே அந்த வெள்ளை மட்டும் தூரத்திலிருந்தே தெரிந்தது. ஜனங்கள் நின்று பார்த்தார்கள். ஆனால் கீழே வைத்த கூடைகளில் யாரும் எதுவும் போடவில்லை. முதல் ஆளாகப் போட எல்லோருக்கும் கூச்சம்.

அப்போதுதான் தேவாரம் ரோட்டிலிருந்து ஒரு மினி லாரி ஆரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. பின்னால் முழுக்க வாழைத்தார். முன்னாலிருந்து விஜய்பாண்டி கருப்புக் கண்ணாடியோடு இறங்கினார்.

"எவன்டா என்னைய வாங்குறவன்னு சொன்னது?" என்று பொதுவாகக் கேட்டார். யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. "ஒரு சீப்பாம், ஒரு சீப்பு! நாங்க சீப்புல குடுக்குற ஆளுக இல்ல. எறக்குங்கடா தார!"

கர்ணன் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. "நம்ம கொல்லைல வெட்டுக்கு நிக்கிற தார் பூராத்தையும் கொண்டாங்கடா!" என்று ஆள் அனுப்பினார். கர்ணன் என்று பெயர் வைத்துக்கொண்டு தேவாரத்துக்கு முன்னால் நின்று வேடிக்கை பார்க்க முடியுமா? இரண்டு பெரிய மனிதர்கள் முண்டா தட்டிக் கொடுப்பதைப் பார்த்ததும் கூச்சம் போய் ஊரே சீப்பும் தாருமாகக் கொண்டுவந்தது.

இல்லத்துச் சமையல்காரி பஞ்சம்மாள் தலையில் கை வைத்தாள். "ஏஞ் சாமிகளா, ஒரு சீப்பு போதும்னுதான எழுதியிருக்கு? இம்புட்டுத் தார வச்சு நான் பிள்ளைகளுக்குக் கட்டிலா செய்ய?" கடைசியில் மிச்சத்தை மற்ற இல்லங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதே மினி லாரியில் அனுப்பினார்கள். மதன்குமார் தார் சுமந்து சட்டையெல்லாம் கறையாகி நின்றான். ஜான்சி அந்த வெள்ளையை ஏழெட்டுப் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டாள்.

லாரியின் முன்பக்கத்திலிருந்து மாரீஸ்வரி மெதுவாக இறங்கினாள். கர்ணன் அவளைப் பார்த்தார். ஆறு வருஷத்துப் பேச்சை இரண்டே சொல்லில் பேசினார்.

"சாப்பிட வாம்மா."

மதியம் தோட்டத்து வீட்டில் பந்தி. மச்சானும் மாப்பிள்ளையும் அடுத்தடுத்த இலை. கஸ்தூரியம்மாள் இருவருக்கும் ஒரே அளவு அப்பளம் தேடிப் போட்டாள். எதிரே வேல்பாண்டி பாயசத்தில் மூழ்கியிருந்தான்.

"என்ன இருந்தாலும் வேல்பாண்டி வேல சுத்தம்" என்றார் கர்ணன். "கட்டி, அவுத்து, மறுபடி கட்டியிருக்கான். பேனர்ல ஒரு சுருக்கம் உண்டா? புதுசு மாதிரி இருக்கு."

"புதுசுதாண்ணே" என்றான் வேல்பாண்டி பாயச மயக்கத்தில். "இன்னைக்கி விடியக்காலமில்ல மொதமொதக் கட்டுனேன்."

"செவ்வாக்கெழம கட்டியாச்சுன்னயேடா?"

"சொன்னேன். காத்துல கம்பு நிக்கல, கட்டல. மறுநாளு நீங்களே அவுக்கச் சொல்லிட்டீக. நல்லதாப் போச்சுன்னு அவுத்துட்டேன்னு சொல்லிட்டேன். அது பாட்டுக்குக் கடையில சுருட்டிக் கெடந்துச்சு. ஒரு ஈ காக்கா பாக்கல."

விஜய்பாண்டி கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்ப கோம்பையே கூடி நின்னு சிரிக்குதுன்னு சொன்னது?"

மாரீஸ்வரி நிமிரவில்லை. "மதினி, அண்ணன் எலைக்கு ரசம் வரல பாருங்க" என்றாள்.

ஊர் பேசித்தான் அந்த இரண்டு வீடும் சேர்ந்தது என்று இன்றைக்கும் கோம்பையில் சொல்லிக்கொள்கிறார்கள். அது பொய். ஊர் வாயே திறக்கவில்லை. பேசியது எங்கள் வீட்டுப் பெண்.