மாமனார் வீட்டு லீக்

மாமனார் வீட்டுப் பாத்ரூம் தரையைக் கடப்பாரை வைத்துப் பெயர்த்த மாப்பிள்ளைகள் கடலூர் மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவனை மட்டும் நன்றாகத் தெரியும். திட்டக்குடிக்காரன், டிப்ளமோ சிவில் முடித்தவன். தன்னைப் போல் ஒரு புத்திசாலி வெள்ளாற்றுக்கும் மணிமுத்தாற்றுக்கும் நடுவில் கிடையாது என்று மனதார நம்பியவன். (இப்போது அவன் எதிரே வந்தால் பிடித்து உட்காரவைத்து ரெண்டு சாத்து சாத்துவேன். கண்ணாடியில்தான் வருகிறான், என்ன செய்ய!)

இரண்டாயிரமாவது ஆண்டைத் தாண்டிச் சில வருடங்களில் நடந்தது இது. நாடு முழுக்கத் தண்ணீர் எவ்வளவு கசிந்து வீணாகிறது, ஒரு வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்று தொடர்ந்து அளந்து பார்க்கும் வேலை ஒன்றில் ஒப்பந்த ஆளாகச் சேர்ந்திருந்தேன். எனக்கு விருத்தாசலம் ஒதுக்கப்பட்டது. சில வீடுகளில் மீட்டர் மாட்டி, மாதக்கணக்கில் அளவெடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அளவு எகிறினால், அது குழாய்க் கசிவா, வீட்டு உபயோகமா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மீட்டர் என்ற வார்த்தையைக் கேட்டதுமே ஊர் கதவைச் சாத்தியது. "இன்னைக்கு மீட்டரு வெப்பீங்க, நாளைக்கு பில்லு நீட்டுவீங்க. போயிட்டு வாங்க சார்."

வேறு வழியில்லாமல் முதல் மீட்டரை மாமனார் வீட்டிலேயே மாட்டினேன். மனைவி மலர் பிரசவத்துக்கு அங்கே வந்திருந்தாள். வேலையும் அதே ஊரில் என்பதால் நானும் பெட்டியோடு அங்கேயே இருந்தேன். (மாசமாக இருப்பது அவள், மூன்று வேளையும் விசேஷச் சாப்பாடு எனக்கு.)

மாமனார் ஒரு பீங்கான் யூனிட்டில் சூளை பார்ப்பவர். அதிகம் பேசாதவர். அவருடைய ஒரே பெருமை பாத்ரூம் தரை. சூளையில் கோணிப்போன கப்பு, உடைந்த பொம்மை எல்லாவற்றையும் சேர்த்து, சில்லு சில்லாக்கி, சிமெண்டில் பதித்து ஒரு மயில் செய்திருந்தார். அதை மயில் என்றுதான் சொல்ல வேண்டும், வாய் தவறிக்கூடக் கோழி என்று சொல்லிவிடக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே மலர் எச்சரித்திருந்தாள்.

அந்த மயிலைச் செய்தவர்கள் இரண்டு பேர். மாமனாரும் அவருடைய தம்பியும். தம்பியும் சின்ன அத்தையும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது அடுத்த வீட்டில்தான், நடுவில் ஒரு சுவர். ஆனால் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் எங்கள் கல்யாணப் பத்திரிகை. அச்சகத்தில் சின்ன மாமனார் பெயரை விட்டுவிட்டார்கள். அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. அண்ணன் வீட்டுத் தொட்டியிலிருந்து தன் வீட்டுக்குப் போன குழாயையும் தன் கையாலேயே அறுத்துப் போட்டார். "உன் தண்ணி எனக்கு வாணாம்" என்பதுதான் அண்ணனிடம் அவர் பேசிய கடைசி வாக்கியம்.

சரி, மீட்டருக்கு வருவோம். முதல் மாத அளவைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. வீட்டில் இருப்பது நாலே பேர். செலவாகும் தண்ணீரைப் பார்த்தால் யாரோ கொல்லையில் யானை வளர்ப்பதுபோல் இருந்தது. சந்தேகப்பட்டு மலரிடம், "குளிக்கும்போது எத்தனை பக்கெட் ஊத்திக்கற?" என்று கேட்டேன். நிறைமாதக்காரியிடம் கேட்கக் கூடாத கேள்வி அது என்று அவள் பார்வையிலேயே தெரிந்தது.

சென்னையிலிருந்து அதிகாரி போன் செய்து, "கசிவா, உபயோகமா? சீக்கிரம் சொல்லுங்க. இல்லைன்னா வேற ஆளைப் போடறேன்" என்றார். குழந்தை பிறக்கப் போகிற நேரத்தில் வேலை போனால் என்ன ஆவது? ஒரு மத்தியானம் சொல்லாமல் வீட்டுக்கு வந்து மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மாமனார் வேலையில் இருந்தார். மலர் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை. ஆனால் மீட்டர் முள் மட்டும் பம்பரமாகச் சுற்றியது!

கசிவேதான். எனக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை.

ஓடிப்போய்ப் பிளம்பர் அந்தோணியைக் கூட்டி வந்தேன். அவர் ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். பாத்ரூமில் மயிலின் வயிற்றில் வைத்ததும் கையை உயர்த்தினார்.

"சார், இங்க ஓடுது சார். காவிரி மாரி ஓடுது!"

மாமியார் கொல்லைப்புறத்திலிருந்து அரக்கப்பரக்க ஓடி வந்தார். கை இரண்டும் ஈரம்.

"என்னா மாப்ள, இந்நேரத்துல வந்துட்டீங்க? லீக்கு கீக்கு ஒண்ணும் இருக்காதுங்க. இடிக்கல்லாம் வாணாம். வடை சுடட்டுமா?"

"அத்தை, இது நாட்டுப் பிரச்சினை" என்றேன். (சத்தியமாக இப்படித்தான் சொன்னேன். மலர் அதற்குள் எழுந்துவிட்டாள். அவள்தான் சாட்சி.)

அத்தை மறுபடி கொல்லைக்கு ஓடினார். அந்தோணி கடப்பாரையை ஓங்கினார். அதற்குள் நான் செய்த இன்னொரு அறிவாளித்தனம், என் செல்போனில் மாமனாரின் யூனிட்டுக்குப் பேசி, "உடனே வாங்க மாமா, பெரிய விஷயம் கண்டுபிடிச்சிருக்கேன்" என்றது. மயிலின் வயிறு போனது. தோகை பாதி போனது. உள்ளே குழாய் காய்ந்த மண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லாமல் கிடந்தது. அந்தோணி மறுபடி காதை வைத்தார்.

"சத்தம் நின்னுடுச்சு சார்."

"எப்படி நிக்கும்?"

"இடிக்கிறதுல பயந்துட்டிருக்கும்."

அந்த நேரத்தில்தான் மாமனார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பிரசவ வலி என்று நினைத்துப் பறந்து வந்திருக்கிறார், வேர்த்துக் கொட்டியது. மகள் நன்றாக நிற்பதைப் பார்த்தார். பிறகு மயிலைப் பார்த்தார். அப்போது கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்ன அத்தையின் குரல் கணீரென்று வந்தது.

"யக்கா! தண்ணி நின்னுடுச்சே? இன்னும் பாதித் தொட்டிகூட ரொம்பலக்கா!"

எல்லோரும் கொல்லைக்குப் போனோம். கொல்லைக் குழாயில் ஒரு ரப்பர் டியூப். அது அவரைக் கொடிக்குள் நுழைந்து, சுவரேறி, அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. கொல்லைக் குழாய்க்குப் போகும் பைப் பாத்ரூமுக்கு அடியில்தான் போகிறது. அந்தோணி கேட்டது அதைத்தான். அத்தை ஓடிப்போய்க் குழாயை மூடியதும் சத்தம் நின்றிருக்கிறது. அத்தை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். இரண்டு வருடமாக, ஆம்பிளைகள் இல்லாத மத்தியானங்களில் நடந்த காரியத்தை, நான் மீட்டர் வைத்து, கம்பி வைத்து, கடப்பாரை வைத்து, போன் போட்டுக் காட்டிக் கொடுத்திருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. (பிளந்துதான் வைத்திருந்தேன், பாத்ரூமில்.)

மாமனார் குழாயருகே போனார். டியூபைக் கையில் எடுத்தார். குழாயில் மாட்டிய முனையில் ஒரு பழந்துணி சுற்றியிருந்தது. குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் பீய்ச்சியடித்து அவர் சட்டையெல்லாம் நனைந்தது.

"இப்டித் துணியச் சுத்துனா நிக்குமா? பாதித் தண்ணி கீழதான் போவுது. ஒரு கிளாம்பு வாங்கிப் போட்டா என்னா?" என்றார் அத்தையிடம். பிறகு துணியை இறுக்கிக் கட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

அத்தை அப்போதுதான் அழுதார்.

அண்ணன் குரல் கேட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. சின்ன மாமனார்! அன்றைக்குப் பார்த்து அப்போதுதான் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார். டியூபைப் பார்த்தார், தன் மனைவியைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணியிலயா நான் இத்தினி நாளு குளிச்சேன்? தெருக்குழாயில புடிச்சதுன்ன?"

"நீங்கதான தெருக்குழாத் தண்ணி நல்லா இனிப்பா இருக்குதுன்னீங்க" என்றார் சின்ன அத்தை, கொஞ்சமும் அசராமல்.

அவர் விறைத்துக்கொண்டு, "எனக்கு யாரு தண்ணியும் வாணாம்" என்று ஆரம்பித்தார்.

"குளிச்சதெல்லாம் குளிச்சாச்சு. திருப்பியா குடுக்கப் போற?" என்றார் மாமனார், அவரைப் பார்க்காமலே. பிறகு, "மயிலு போச்சுடா" என்றார்.

"எந்த மயிலு? நம்ம மயிலா?"

அடுத்த நிமிடம் அவர் சுவரேறிக் குதித்துவிட்டார். வாசல் வழியாகச் சுற்றிவரக்கூடப் பொறுமையில்லை. பாத்ரூம் வாசலில் நின்று, "எந்தப் படுபாவி செஞ்ச வேல இது?" என்றார்.

மாமனார் என்னைக் காட்டினார். "மாப்ள."

அதுதான் எனக்கும் சின்ன மாமனாருக்கும் அறிமுகம். கல்யாணத்தில் விட்டுப்போனது கடப்பாரையோடு நடந்தது. அண்ணனும் தம்பியும் என் பக்கம் திரும்பி ஒரே மாதிரி தலையை ஆட்டினார்கள். பிறகு இருவரும் குந்தி உட்கார்ந்து சில்லு பொறுக்க ஆரம்பித்தார்கள். தோகைக்கு நீலம் எங்கே, கழுத்துக்குப் பச்சை எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நடுநடுவே, "படிச்ச புள்ளைங்கிறாங்க" என்று மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சிமெண்ட் குழைத்துக் கொடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. அதிலும் தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டேன்.

மறுநாள் சென்னைக்குப் போன் செய்தேன்.

"கசிவா?"

"இல்ல சார்."

"அப்ப வீட்டு உபயோகமா?"

"உபயோகம்தான் சார். ஆனா பக்கத்து வீட்டுல."

"ஃபாரத்துல அதுக்கெல்லாம் இடமில்லையே. வீட்டுல எத்தனை பேர்? சரியா விசாரிச்சுச் சொல்லுங்க."

அத்தையிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "எட்டுப் பேரு மாப்ள. உங்க புள்ள பொறந்தா ஒம்போது" என்றார். சின்ன மாமனார், சின்ன அத்தை, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். எட்டால் வகுத்துப் பார்த்தேன். எந்த வீட்டிலும் செலவாகிற அளவுதான் வந்தது. அப்படியே அனுப்பினேன். வேலை தப்பியது.

மலருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முதல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியவர் சின்ன அத்தை.

நான் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் அந்த இரண்டு வீட்டிலும் சுவர் தாண்டிப் போகிற எதற்கும் இன்றுவரை 'லீக்' என்றுதான் பெயர். "மீன் கொழம்பு கொஞ்சம் லீக் ஆயிருக்குது, வந்து வாங்கிக்க" என்பார்கள். சொந்தக்காரர் கல்யாணங்களில் சின்ன மாமனார் என் தோளில் கை போட்டுத்தான் அழைத்துப் போவார், புதிதாகப் பார்க்கிறவர்களிடம் மறக்காமல் அறிமுகமும் செய்வார்.

"எங்க அண்ணன் மருமவன். தங்கமான புள்ள. பாத்ரூம் பக்கம் மட்டும் தனியா வுட்டுடாதீங்க."