கீறல் படாத நாற்பது வருஷம்

ஓய்வு பெற்றவர்களில் பல ரகம் உண்டு. வாத்தியார் ஓய்வு பெற்றால் தெருவுக்கே பாடம் எடுப்பார். போலீஸ்காரர் ஓய்வு பெற்றால் வீட்டுக்குள் விசாரணை நடத்துவார். இவர்களையெல்லாம் எப்படியாவது சகித்துக்கொள்ளலாம். லாரியை விட்டு இறங்கிப் பல வருஷமாகியும் இன்னும் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு ரகம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. இதற்குக் கீறல் படாத டிரைவர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு லைசென்ஸ் இருக்கும். வங்கியில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்றால் அது வெளியே வரும். முடிவெட்டும் கடையில் எப்படி வெட்ட வேண்டும் என்று கேட்டாலும் வரும். அதில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி" என்பார். வெட்டுவதற்குத் தலையில் என்ன மிச்சம் என்று கடைக்காரர் கேட்பதில்லை, அவரும் பிழைக்க வேண்டுமே. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், "செத்துப்போனவரை எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும், நான் லைசென்ஸ் எடுத்த வருஷம்தான்..." என்று ஆரம்பித்து, பிணத்துக்கு முன்னாலேயே பையில் கையை விட்டவரை நானே பார்த்திருக்கிறேன்.

பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கு நேர் பின்னால்தான் உட்காருவார். உட்கார்ந்து, தரையை வலது காலால் அழுத்திக்கொண்டே வருவார். பஸ் சரியான இடத்தில் நின்றால் அது இவர் அழுத்தியதால். நிற்காவிட்டால் "இந்தக் காலத்துப் பசங்க!"

அப்புறம் அந்தப் பிரேக் பிடிக்காத கதை. நான் முதன்முதலில் கேட்டபோது மலை இறக்கம் ஒரு கிலோமீட்டர்தான் இருந்தது, லாரியில் பத்து டன் சிமெண்ட். போன மாதம் கேட்டபோது இறக்கம் ஏழு கிலோமீட்டராக வளர்ந்திருந்தது, சிமெண்ட் பதினெட்டு டன், மழை வேறு புதிதாகச் சேர்ந்திருந்தது. கதை எப்படிப் போனாலும் முடிவு ஒன்றுதான். "நாப்பது வருஷம். ஒரு கீறல் கிடையாது!"

இந்த ரகத்தில் ஒருவருக்கு நான் பக்கத்து வீட்டுக்காரன். ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அந்த விளக்குக் கம்பம்?"

"அது நட்டவன் தப்பு."

"மோட்டார் சைக்கிள்காரர்?"

"அவன்தான் வந்து மோதினான். நான் மோதல."

"பாலத்துச் சுவர்?"

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்."

காய்ச்சலில் பட்டது கீறலில் சேராது. இதுகூடத் தெரியாமல் நான் என்ன படித்தேன்?

இந்த நாற்பது வருஷத்தில் முப்பத்தொரு வருஷம் இவரோடு லாரியில் போன கிளீனர் ஒருவர் இருக்கிறார். இவர் வயதுதான். டீக்கடை பெஞ்சில் நம் டிரைவர் நடுவில் உட்கார்ந்து ஏழு கிலோமீட்டரும் இறங்கி முடிக்கும்வரை, ஓரத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். எந்தக் கதையிலும் அவர் வருவதில்லை. அத்தனை டன் லாரியைச் சந்து பொந்துகளில் எப்படிப் பின்னால் எடுத்தீர்கள் என்று ஒரு தடவை நான் கேட்டதற்கு, டிரைவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். கிளீனர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நான் பின்னால நின்னு பாடியைத் தட்டுவேன். தட்டிக்கிட்டே இருந்தா வரலாம்னு அர்த்தம். ஓங்கி ரெண்டு தட்டினா நிறுத்தணும். நான் தட்டுவேன், அவர் வருவார்."

"சரி சரி, டீயைக் குடி" என்றார் டிரைவர்.

இனி ஒரு நாள் காலையில் நடந்ததற்கு வருகிறேன். டிரைவருடைய மகள் நர்ஸ். ஆறு வருஷமாக வார்டில் நின்று நின்று கால் வீங்கிப் போனவள். வீடுவீடாகக் காரில் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்று அவளுடைய ஆஸ்பத்திரியில் காலியானது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வாங்கிவிட்டால் வேலை அவளுக்கு. பழைய கார் ஒன்றை வாங்கி, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். "என் ரத்தத்துல பொறந்துட்டு ஸ்கூலுக்குப் போய் ஸ்டியரிங் பிடிக்கறா" என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அந்த அப்பாவிடம் அவள் ஏற்கெனவே இரண்டு நாள் கற்றுப் பார்த்திருந்தாள். இரண்டு நாளும் மலை இறக்கம்தான் நடந்தது.

டெஸ்ட் பத்து மணிக்கு. எட்டரைக்குக் காரைக் கிளப்பினாள்.

"இறங்கும்மா. நல்ல காரியத்துக்குப் போறப்ப எங்கேயாவது இடிச்சு வைக்காதே. நான் வெளியே எடுத்துத் தர்றேன்."

"ரெண்டு மாசமா நான்தானேப்பா எடுக்கறேன். நீங்க பக்கத்துல சும்மாதானே உக்காந்திருக்கீங்க?"

"நாப்பது வருஷம், ஒரு கீ..."

அவள் இறங்கிவிட்டாள். அந்த வாக்கியத்தை முழுதாகக் கேட்பதைவிட அது மேல். அப்படியே ஃபைலை எடுக்க உள்ளே ஓடினாள்.

அவர் ஏறி உட்கார்ந்தார். ரிவர்ஸ் கியர் போட்டதும் கார் பீப், பீப் என்றது. "சனியன், ஒண்ணும் காதுல விழமாட்டேங்குது" என்று அதை அணைத்தார். வலது ஜன்னல் வழியே தலையை நீட்டிக் காதைத் தீட்டினார். அதே நேரத்தில் எதிர்வீட்டு மாடியில் ஓர் அம்மாள் மெத்தையைக் கைப்பிடிச் சுவரில் போட்டுக் கம்பால் தட்ட ஆரம்பித்தார். தப், தப், தப், தப்.

நம் டிரைவர் வந்தார். என்ன நிதானம், என்ன நம்பிக்கை! இடது பக்கக் கேட் தூணை நோக்கி நேராக வந்தார். நான் ஜன்னலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரையை வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது? மெத்தையில் தூசி நிறைய இருந்தது, அந்த அம்மாளும் நிறுத்துவதாக இல்லை. தப், தப், தப், டமார்.

டிரைவர் இறங்கினார். உடைந்த பின்விளக்கைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்துச் சத்தம் போட்டார்:

"ஏம்மா, ரெண்டு தட்டு தட்டி நிறுத்தக் கூடாதா?"

"எதைங்க?" என்றார் அந்த அம்மாள், கம்பும் கையுமாக.

மகள் ஃபைலோடு வாசலில் நின்றாள். கீழே சிதறிக் கிடந்த சிவப்புக் கண்ணாடியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

பின்விளக்கு இல்லாத வண்டியில் டெஸ்ட் கிடையாது என்று அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்து. மாதம் அதற்காகக் காத்திருக்குமா? வேலை வேறொரு நர்ஸுக்குப் போனது. இவள் இன்னும் வார்டில்தான் நிற்கிறாள். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை ஐயா, வயிறுதான் எரிந்தது.

அவருக்கோ எதுவும் எரியவில்லை. அன்று சாயங்காலமே டீக்கடை பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, "எதிர்வீட்டுக்காரி தப்பாத் தட்டிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம பேர்ல ஒரு கீறல் கிடையாது." லைசென்ஸ் கைக்குக் கை போய் வந்தது. கிளீனர் டீயை ஆற்றிக்கொண்டே, "நான் அங்கே இல்லாமப் போயிட்டேன்" என்று வருத்தப்பட்டார். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நீங்கள் லாரி ஓட்டியதில்லை. ஆனாலும் முப்பது வருஷம் ஒரு பிழையில்லாமல் ஆபீஸ் நடத்தியதாகவோ, ஒரு சண்டை இல்லாமல் குடும்பம் நடத்தியதாகவோ, போன வாரம் யாரிடமாவது சொன்னீர்கள், இல்லையா? அடுத்த தடவை அதைச் சொல்ல வாயைத் திறக்கும்போது, ஒரு நிமிஷம் கீழே இறங்கி வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். யாராவது கை சிவக்க நின்றுகொண்டிருப்பார். லைசென்ஸை அப்புறம் எடுக்கலாம். முதலில் அவர் பெயர் என்னவென்று கேளுங்கள்.