எவால்ட் கண்டுபிடித்த ஓட்டை

கூலிக்கு ஆள் கூப்பிடாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு, ஐயா. எங்கள் இனம்தான். நாங்கள் பள்ளிக்கூடத்தை மிதித்தது கொஞ்சம். சிமெண்டுக் கலவையை மிதித்தது ஏராளம். சொந்தக் கையால் சுவர் எழுப்பி, ஓடு போட்டு, கக்கூஸ் பதித்து, அத்தனையும் நேராக நிற்பதாக நம்பிக்கொண்டு, வந்த விருந்தாளியைக் காப்பி குடிக்க விடாமல் சுவர் சுவராகத் தட்டிக் காட்டுவோம். அவர் என்ன செய்வார், பாவம்? தலையாட்டுவார்.

இந்த இனத்தின் திலகம், வெஸ்ட்ஃபாலியாவில் எங்கள் தெருவின் கடைசி வீட்டு எவால்ட் ப்ரிங்க்மன். கொல்லையில் அவரே கட்டிய கான்கிரீட் குளம். ஓரத்தில் குட்டி அருவி. அதற்குத் தண்ணீர் ஏற்ற ஒரு பம்பு. இந்தக் கோடையில் தண்ணீர் தினமும் இறங்கத் தொடங்கியது. "அடியில விரிசல்" என்றார் எவால்ட். குனிந்துகூடப் பார்க்கவில்லை. பார்ப்பதெல்லாம் படித்தவர்கள் வேலை. பொன்மீன்களை அள்ளி வீட்டுக் குளியல் தொட்டியில் விட்டார். குளத்தை வடித்தார், பூசினார், காயவிட்டு நிரப்பினார். இறங்கியது. மறுபடி பூசி நிரப்பினார். மறுபடியும் இறங்கியது. மனைவி இர்ம்கார்டுக்கு, பாத்திரம் கழுவும் தொட்டியில் தலையை அலசி அலசிக் கழுத்தே சுளுக்கிப்போயிற்று.

"ஒரு ஆளக் கூப்பிடேன், எவால்ட்."

"ஆளா? உன் முன்னால நிக்கிறது என்ன, பொம்மையா?"

"பொம்மையா இருந்தா தேவலையே. சும்மா நிக்கும்."

ஞாயிறு வந்தது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடுவது கொலைக்கு ஒரு படிதான் கீழே. வேலிக்கு மேல் பக்கத்து வீட்டு டெஷ்கேயின் தலை முளைத்தது.

"ஏம்மா, உங்க பம்பு இரையுது. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை!"

இர்ம்கார்ட் பம்பை நிறுத்தினாள். சாயங்காலம் பார்த்தால், தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

"எவால்ட், குளத்துல ஓட்டையே இல்ல. அருவிக்குப் போற குழாய்தான் கல்லுக்குப் பின்னால ஒழுகுது. நீ மாட்டுன குழாய். மீனையெல்லாம் எடு, நான் குளிக்கணும்."

எவால்ட் மாட்டிய குழாய் ஒழுகுமா? எங்கள் இனம் இதற்கெல்லாம் மசியுமா? விரிசலை அவள் கண்ணுக்கே காட்டிவிடுவது என்று வாளி வாளியாகக் குளத்தை இறைத்தார். ஞாயிறாயிற்றே, சத்தம் வரக்கூடாது. உளியின் தலைமேல் அவளுடைய தலையணையை வைத்து, சுத்தியலை ஓங்கினார். சத்தம் வரவில்லை. அதனால் அடி எவ்வளவு பலம் என்பதும் காதுக்கு எட்டவில்லை. உளி கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் போய்விட்டது.

எவால்ட் நிமிர்ந்தார். முகமெல்லாம் வெற்றி.

"இர்ம்கார்ட்! ஓடி வா! நான் சொல்லல? ஓட்டை இருக்கு பாரு!"

அவள் எட்டிப் பார்த்தாள். சோப்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போய் டெஷ்கே வீட்டு மணியை அடித்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் சமையலறைக் குழாயில் நீங்களே சுற்றிய துணி, அதற்குக் கீழே ஒரு கிண்ணம், "அது ஒழுகல, வேர்க்குது" என்று வீட்டில் நீங்கள் சொல்லிவைத்த விளக்கம்... வாருங்கள், ஐயா. எங்கள் இனத்தில் சேர மனுப் போட வேண்டியதில்லை.